வாசற்படிக் காசு

வைத்தியச் செலவைப் பற்றியும் சர்க்கார் வரவு செலவைப் பற்றியும் எழுத இவனுக்கு என்ன யோக்கியதை என்று வாசகர்கள் கேட்டால், அது நியாயமான கேள்விதான். இரண்டு வருஷம் காலேஜில் படித்துவிட்டு, அதற்கு மேல் படிக்க வசதியில்லாமல் கதை எழுதப் புறப்பட்டவன் நான். பொருளாதாரம் என்பது என் வீட்டில் மாதக் கடைசி வாரத்துக்கு இன்னொரு பெயர். ஆனாலும் இந்த விஷயத்தில் எனக்கு ஒரு சிறு பாத்தியதை உண்டு. நான் நோயாளியாக இருந்திருக்கிறேன். நோயாளி ஒருத்திக்கு மகனாகவும் இருந்திருக்கிறேன். டாக்டர் வீட்டுக்குப் புறப்பட்டவள் பாதி வழியில் திரும்பிவிடுவதைக் கண்ணால் பார்த்தவன்.

2014-ஆம் வருஷம் ஜூன் மாதம் ஆஸ்திரேலியாவில், மெல்போர்ன் நகரத்தில், என் தங்கை வீட்டில் ஒரு மாதம் தங்கியிருந்தேன். தங்கை அங்கே ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸ். ஜூன் மாதம் நம் கோவில்பட்டிப் பக்கம் வெயிலும் காற்றும் போட்டி போடும். அங்கேயோ அது குளிர்காலம். மாப்பிள்ளையின் கம்பளிச் சட்டைக்குள் புகுந்துகொண்டு, கணப்புக்கு முன்னால் உட்கார்ந்து டெலிவிஷன் பார்ப்பதுதான் என் வேலை. அதில் எந்த நேரம் பார்த்தாலும் ஒரே பேச்சு: ஏழு டாலர், ஏழு டாலர்.

அந்த நாட்டு ஏற்பாட்டை முதலில் சொல்லிவிட வேண்டும். 1975-இல் விட்லாம் பிரதம மந்திரியாக இருந்தபோது 'மெடிபாங்க்' என்ற பெயரில் எல்லோருக்கும் பொதுவான வைத்திய இன்ஷூரன்ஸ் ஒன்றைக் கொண்டுவந்தார்கள். அடுத்து வந்த ஆட்சியில் அது கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து போயிற்று. 1984 பிப்ரவரியில் ஹாக் ஆட்சி அதை 'மெடிகேர்' என்று மறுபடியும் உயிர்ப்பித்தது. வரி கட்டுகிறவர்கள் வரியோடு வரியாக இதற்கும் கட்டிவிடுகிறார்கள். உடம்புக்கு வந்தால் டாக்டரிடம் போகலாம். டாக்டர் இஷ்டப்பட்டால் தமக்குரிய தொகையை நேரே சர்க்காரிடம் வாங்கிக்கொள்வார்; நோயாளி கையிலிருந்து ஒரு காசும் வேண்டாம். இதற்கு 'பல்க் பில்லிங்' என்று பெயர். நான் போயிருந்த சமயத்தில் குடும்ப டாக்டர்களிடம் போகிறவர்கள் நூற்றுக்கு எண்பது தடவைக்கு மேல் இப்படித்தான் காசு கொடுக்காமல் திரும்பி வந்தார்கள்.

அந்த வருஷம் மே 13-ஆம் தேதி நிதி மந்திரி ஜோ ஹாக்கி வரவு செலவுத் திட்டத்தைப் படித்தார். டோனி அபட் அப்போது பிரதம மந்திரி. 2015 ஜூலை முதல் தேதியிலிருந்து டாக்டரைப் பார்க்க ஒவ்வொரு தடவையும் ஏழு டாலர் கொடுக்க வேண்டும் என்றது திட்டம். ரத்தப் பரிசோதனைக்கு ஏழு, எக்ஸ்ரே எடுத்தால் ஏழு. பென்ஷன்காரர்களுக்கும் மற்றச் சலுகை அட்டைக்காரர்களுக்கும் பதினாறு வயதுக்கு உட்பட்டவர்களுக்கும் ஒரு தயவு: வருஷத்தில் முதல் பத்துத் தடவைக்கு மட்டும் வாங்குவார்கள். டாக்டருக்குச் சர்க்கார் கொடுத்துவந்த தொகையில் ஐந்து டாலர் குறையும். நோயாளி தரும் ஏழில் அதை ஈடுகட்டிக்கொண்டு மிச்சம் இரண்டையும் அவரே வைத்துக்கொள்ளலாம். இப்படி மிச்சமாகும் பணம் வைத்திய ஆராய்ச்சிக்கென்று 2,000 கோடி டாலர் நிதி ஒன்றைத் திரட்டப் போகும். நாளைக்கு வரப்போகிற வியாதிக்கு மருந்து கண்டுபிடிக்க இன்றைக்கு வியாதியாக இருப்பவனிடம் வசூல்.

சர்க்கார் தரப்பில் சொன்ன காரணம் சுலபமானது. இலவசமாகக் கிடைத்தால் ஜனங்கள் தும்மலுக்கும் இருமலுக்கும் டாக்டரிடம் ஓடுகிறார்கள். ஒரு சின்ன விலை வைத்தால் யோசித்துப் போவார்கள். ஏழு டாலர் என்ன பிரமாதம், இரண்டு சிறு கிளாஸ் பீர் விலை. ஒரு சிகரெட் பாக்கெட்டுக்குக் கொடுக்கும் பணத்தில் மூன்று தடவை டாக்டரைப் பார்க்கலாம் என்று ஹாக்கி கணக்குச் சொன்னார். அந்தக் கணக்கு நாடு முழுவதும் சந்தி சிரித்தது.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு அப்போது அதில் சிரிக்க ஒன்றும் தோன்றவில்லை. ஊருக்கெல்லாம் கார் இருக்கிறது. காப்பிக்கு நாலு டாலர் கொடுக்கிறார்கள். டாக்டருக்கு ஏழு டாலர் கொடுத்தால் குடி முழுகிப் போகுமா? இதற்காகத் தெருவில் அட்டை பிடித்துக்கொண்டு ஊர்வலம் போகிறார்களே, சுகவாசிகள் என்று நினைத்தேன். மாப்பிள்ளையும் என் கட்சிதான். தங்கை மட்டும் ஒன்றும் சொல்லாமல் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள்.

இரண்டாவது வாரம் எனக்கு இருமல் பிடித்துக்கொண்டது. முதலில் தொண்டைக் கரகரப்பு. பிறகு நெஞ்சில் ஒரு கனம். ராத்திரியில் லேசாகக் காய்ச்சல். நான் விருந்தாளி. மெடிகேர் எனக்குக் கிடையாது. பல்லைக் காட்டி மாப்பிள்ளையிடம் பொதுவாக விசாரித்ததில், வெளியூர்க்காரன் டாக்டரைப் பார்க்க எழுபது டாலர் ஆகும் என்று தெரிந்தது. ஒரு டாலர் அப்போது சுமார் ஐம்பத்தைந்து ரூபாய். மனசுக்குள் பெருக்கிப் பார்த்தேன். மூவாயிரத்து எண்ணூறு ரூபாய்க்கு மேல்! என் நாவல் ஒன்றுக்குப் பதிப்பாளர் கொடுத்த முன்பணம் ஞாபகத்துக்கு வந்தது. அன்று முதல் போர்வையை வாயில் அடைத்துக்கொண்டு இருமினேன்.

தங்கை நர்ஸ் அல்லவா? மூன்றாம் நாள் விடியற்காலை அறைக் கதவைத் திறந்துகொண்டு வந்து நின்றாள்.

"எத்தனை நாளாண்ணே இருக்கு?"

"ஒண்ணுமில்லம்மா. குளிரு. ஊருக்குப் போனா சரியாப் போயிரும்."

"டாக்டரைப் பார்த்துட்டு வந்துருவோம்."

"எதுக்குத் தண்டச் செலவு? பார்த்துக்கிடலாம்."

அவள் முகம் மாறிப் போயிற்று. "அம்மா மாதிரியே பேசுறியேண்ணே" என்றாள்.

இந்த இடத்தில் அம்மாவின் கதையைச் சொல்லாவிட்டால் அந்த வார்த்தை வாசகர்களுக்கு விளங்காது.

கோவில்பட்டிக்குப் பக்கத்தில் ஒரு கரிசல் கிராமம் எங்களுடையது. அப்பா காலமான பிறகு அம்மா தீப்பெட்டி ஒட்டித்தான் எங்களை வளர்த்தாள். குரோஸ் கணக்கில் கூலி. நான் பத்தாம் வகுப்புப் படித்த வருஷம் அவளுக்குக் கால் பெருவிரலுக்கு அடியில் ஒரு புண் வந்தது. முள் குத்தியது என்றாள். மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துப் போட்டாள். ஆறவில்லை. ஆனால் வலிக்கவில்லை. வலித்தால்தானே வியாதி? வலிக்காத புண்ணுக்கு யார் டாக்டரிடம் போவார்கள்?

பக்கத்து ஊரில் ஒரு டாக்டர் இருந்தார். பீஸ் பத்து ரூபாய். பஸ்ஸுக்கும் மருந்துக்கும் தனி. அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. "கையில் இல்லாவிட்டால் அப்புறம் கொடு" என்று எத்தனையோ பேருக்குச் சொன்னவர் அவர். ஆனால் அம்மா அந்த 'அப்புற'த்துக்கு ஒப்பவே மாட்டாள். கடன் சொல்லிக்கொண்டு டாக்டர் முன்னால் போய் நிற்பதைவிடப் புண்ணோடு இருப்பது அவளுக்குக் கௌரவமாகப் பட்டது. கோவில்பட்டியில் சர்க்கார் ஆஸ்பத்திரி இருந்தது. அங்கே பீஸ் இல்லை. ஆனால் போனால் ஒரு நாள் கூலி போய்விடும். ஒரு நாள் கூலிதான் அவளுக்கு அந்த ஆஸ்பத்திரியின் கட்டணம்.

கடுகு டப்பாவுக்குள் டாக்டருக்கென்று பதினைந்து ரூபாய் சேர்த்து வைத்திருந்தாள். ஒரு சனிக்கிழமை அதை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டு என்னையும் துணைக்கு அழைத்துக்கொண்டு புறப்பட்டாள். பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது, என்ன புத்தியிலோ, பரீட்சைக்கு ஜாமெட்ரி பாக்ஸ் வேண்டும், வாத்தியார் திங்கட்கிழமை பார்ப்பார் என்று நான் சொல்லிவிட்டேன். அம்மா கொஞ்ச நேரம் ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு முடிச்சை அவிழ்த்துப் பணத்தை என் கையில் வைத்துவிட்டு வீட்டைப் பார்க்க நடந்தாள்.

"கால் எங்கலே போயிரப் போகுது? பரிச்சைதான் போயிரும்!" என்றாள்.

கால் போகத்தான் செய்தது. ஒன்றரை மாதம் கழித்துக் காய்ச்சலில் விழுந்தவளைத் தூக்கிக்கொண்டு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனபோது, சர்க்கரை வியாதி முற்றியிருக்கிறது என்றார்கள். சர்க்கரை அதிகமானால் காலில் உணர்ச்சி மரத்துப் போகும். அதனால்தான் வலிக்கவில்லை என்று விளக்கினார்கள். வலி இல்லாததே நோயின் அடையாளம்! வலது காலில் மூன்று விரல்களை எடுத்தார்கள். உயிர் பிழைத்ததே பெரிது. ஒரு காசு வாங்கவில்லை. அந்த ஆஸ்பத்திரியை நான் எந்த நாளும் கையெடுத்துக் கும்பிடுவேன். என் தங்கை அப்போது ஏழாம் வகுப்பு. அம்மாவின் கட்டிலுக்கு அடியில் படுத்துக்கொண்டு, வார்டில் வந்து போகிற நர்ஸுகளைப் பார்த்துக்கொண்டிருந்தவள், கடைசியில் அந்த வேலைக்கே போனாள்.

இனி மெல்போர்னுக்குத் திரும்புகிறேன். 'அம்மா மாதிரியே பேசுறியே' என்று கேட்ட பிறகு நான் எதிர்த்துப் பேசவில்லை. கம்பளிச் சட்டையோடு காரில் ஏறினேன். டாக்டர் ஒரு வயதான சீனர். முதுகில் குழாயை வைத்துப் பார்த்தார், வாயைத் திறக்கச் சொன்னார், காய்ச்சல் பார்த்தார். கடைசியில், ஒன்றுமில்லை, சாதாரண ஜலதோஷம், மருந்துகூட வேண்டாம், வெந்நீரில் தேன் கலந்து குடியுங்கள் என்று அனுப்பிவிட்டார். பத்து நிமிஷம். எழுபது டாலர். பணத்தைத் தங்கை கொடுத்தாள்.

எனக்குக் கோபமான கோபம். "பார்த்தியா? ஒண்ணுமில்லாததுக்கு நாலாயிரம் ரூபாய்! உங்க நிதி மந்திரி சொல்றது சரிதான். தேவையில்லாம டாக்டர்கிட்ட ஓடுறவங்க இருக்கத்தான் செய்றாங்க. அதுல நானும் ஒருத்தன்" என்றேன்.

அவள் காரைக் கிளப்பாமல் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"ஒண்ணுமில்லைன்னு உனக்கு எப்பண்ணே தெரிஞ்சுது? அவர் சொன்ன பிறகுதானே?"

நான் வாயை மூடிக்கொண்டேன்.

அவள் விட்ட அந்த ஒரு கேள்வியை இத்தனை வருஷமாகத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். என் இருமலும் அம்மாவின் புண்ணும் வெளிப் பார்வைக்கு ஒரே ஜாதி. இரண்டைப் பற்றியும் 'ஒண்ணுமில்லை' என்றுதான் சொன்னோம். ஒன்று நிஜமாகவே ஒன்றுமில்லை. மற்றது மூன்று விரல்களைத் தின்றது. எது எது என்று பிரித்துச் சொல்வதற்குத்தானே டாக்டர் என்று ஒருவர் இருக்கிறார்? அவரைப் பார்ப்பதற்கு முன்னாலேயே, 'உன் வியாதி அவசியமானதா, யோசித்து வா' என்று வாசற்படியில் காசு வைத்தால், யோசிப்பது நோயாளியின் அறிவு அல்ல. அவன் சட்டைப் பை. பை கனமாக இருந்தால், 'போய்த்தான் பார்ப்போமே' என்கிறது. லேசாக இருந்தால், 'பார்த்துக்கிடலாம்' என்கிறது.

இது ஏதோ கதைக்காரன் கற்பனை என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவில் ராண்ட் என்ற ஆராய்ச்சி நிறுவனம் 1974 முதல் 1982 வரை இதையே சோதித்துப் பார்த்தது. ஆயிரக்கணக்கானவர்களைக் குலுக்கல் முறையில் பிரித்து, சிலருக்கு வைத்தியம் முழு இலவசம், மற்றவர்களுக்கு வெவ்வேறு அளவில் கட்டணம் என்று வைத்தார்கள். கட்டணம் கொடுத்தவர்கள் டாக்டரிடம் குறைவாகத்தான் போனார்கள். ஆனால் வீணான வைத்தியம் எவ்வளவு குறைந்ததோ, ஏறக்குறைய அதே அளவுக்குப் பயனுள்ள வைத்தியமும் குறைந்தது. சராசரி மனிதருக்கு இதனால் பெரிய கெடுதல் வந்துவிடவில்லை என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஆனால் ரத்த அழுத்தம் உள்ள ஏழைகளைத் தனியாக எடுத்துப் பார்த்தபோது, இலவச வைத்தியம் கிடைத்தவர்களுக்கே அது நன்றாகக் கட்டுப்பட்டிருந்தது. ரத்த அழுத்தமும் அம்மாவின் சர்க்கரை மாதிரித்தான், வலிக்காது.

ஜெர்மனியிலும் இந்தக் காசை வைத்துப் பார்த்தார்கள். 2004 முதல் மூன்று மாதத்துக்கு ஒரு முறை பத்து யூரோ. டாக்டர்களின் வரவேற்பு மேஜையில் ரசீது எழுதும் வேலை பெருகியதே தவிர, எதிர்பார்த்தபடி கூட்டம் குறையவில்லை. 2012 நவம்பரில் அவர்களுடைய பார்லிமெண்ட் ஒரு எதிர் ஓட்டுக்கூட இல்லாமல் அதை ரத்து செய்தது. ஹங்கேரியில் 2007-இல் தடவைக்கு 300 போரிண்ட் என்று வைத்தார்கள். எதிர்க்கட்சி அதை ஜனங்களின் ஓட்டுக்கே கொண்டுபோயிற்று. 2008 மார்ச்சில் நடந்த வாக்கெடுப்பில் ஓட்டுப் போட்டவர்களில் நூற்றுக்கு எண்பது பேருக்கு மேல் வேண்டாம் என்றார்கள். அடுத்த மாதமே கட்டணம் போயிற்று.

ஆஸ்திரேலியாவில் என்ன ஆயிற்று? தொழிற்கட்சித் தலைவர் பில் ஷார்ட்டன் எதிர்த்தார். பசுமைக் கட்சி எதிர்த்தது. சுரங்க முதலாளி கிளைவ் பாமரின் கட்சியும் எதிர்த்தது. டாக்டர்களின் சங்கமே, இந்த வடிவத்தில் வேண்டாம் என்றது. மேல் சபையில் சர்க்காருக்குப் பெரும்பான்மை இல்லை. டிசம்பரில் ஏழு டாலரைக் கைவிட்டு, பெரியவர்களுக்கு மட்டும், டாக்டர் இஷ்டப்பட்டால் வாங்கலாம் என்று ஐந்து டாலராக மாற்றினார்கள். 2015 மார்ச் மாதம் புதிய சுகாதார மந்திரி சூசன் லே அதையும் வாபஸ் வாங்கினார். ஏழு டாலர் ஒரு நாள்கூட வசூலாகவில்லை.

எதிர்த்தவர்கள் எல்லோரும் தர்மபுத்திரர்கள் என்று நான் சொல்ல வரவில்லை. அந்தத் தொழிற்கட்சியே 1991-இல் ஆட்சியில் இருந்தபோது மூன்றரை டாலர் வாங்குவதாகத் திட்டம் போட்டு, சொந்தக் கட்சிக்காரர்கள் சண்டை போட்டதால் இரண்டரையாகக் குறைத்து, அந்த வருஷம் டிசம்பரில் வசூலிக்கவும் தொடங்கிவிட்டது. பிரதம மந்திரியாகக் கீட்டிங் வந்த பிறகு 1992 மார்ச்சில்தான் அது நின்றது. எதிர்க்கட்சி வரிசையில் உட்கார்ந்தால் ஏழையின் சட்டைப் பை தெரிகிறது. மந்திரி நாற்காலியில் உட்கார்ந்தால் கஜானா தெரிகிறது. இது எல்லா நாட்டிலும் நடக்கிற கூத்துதான். ஆனால் சொல்கிறவனின் யோக்கியதையைப் பார்த்து நியாயம் அநியாயமாகிவிடுமா?

ஜெயித்ததும் முழு ஜெயம் அல்ல. முன் வாசலில் காசு வாங்க முடியாமல் போன பிறகு பின் வாசலால் அது வந்தது. டாக்டருக்குச் சர்க்கார் கொடுக்கும் தொகையை விலைவாசிக்குத் தக்கபடி உயர்த்தாமல் அப்படியே உறையவைத்தார்கள். 2013-இல் தொழிற்கட்சி தற்காலிகமாகத் தொடங்கிவைத்ததை அடுத்து வந்தவர்கள் வருஷக்கணக்கில் நீட்டினார்கள். வாடகையும் சம்பளமும் ஏறிக்கொண்டே போனால் டாக்டர்தான் என்ன செய்வார்? நோயாளியிடம் கையை நீட்டினார். 2023 கடைசியில் காசில்லாமல் டாக்டரைப் பார்ப்பது நூற்றுக்கு எழுபத்தேழு தடவை என்ற அளவுக்கு இறங்கிவிட்டது. 2025 நவம்பர் முதல் எல்லாருக்கும் காசு வாங்காமல் பார்க்கும் டாக்டர்களுக்குச் சர்க்கார் கூடுதல் தொகை கொடுக்கிறது. இலவசம் என்று அறிவித்துவிடுவது சுலபம். அதற்குரிய பணத்தை வருஷா வருஷம் எடுத்து வைப்பதுதான் கஷ்டம் என்பது இதில் தெரிகிறது. டாக்டரும் சாப்பிட வேண்டுமல்லவா? அவருக்குரியதை எல்லோருமாகச் சேர்ந்து, ஆரோக்கியமாக இருக்கும்போதே வரியாகக் கொடுத்துவிடுவோம். படுக்கையில் விழுந்தவனிடம் கேட்க வேண்டாம் என்பதுதான் என் கட்சி.

'பரம ஏழைக்கு மட்டும் விலக்குக் கொடுத்துவிடலாமே' என்று சிலர் சொல்கிறார்கள். அவர்களுக்கு என் அம்மாவைத் தெரியாது. விலக்கு வேண்டுமானால், 'நான் ஏழை' என்று மேஜைக்கு முன்னால் நின்று சொல்ல வேண்டும். சொல்லக் கூசாதவர்கள் சொல்லிவிட்டு உள்ளே போவார்கள். கூசுகிறவர்கள் பஸ் ஸ்டாண்டிலிருந்தே திரும்பிவிடுவார்கள்.

ஊருக்குத் திரும்பி வந்ததும் அம்மாவிடம் மெல்போர்ன் கதையெல்லாம் சொன்னேன். டாக்டர் விஷயம் வந்ததும் எவ்வளவு ஆச்சு என்று கேட்டாள். ரூபாய்க் கணக்கில் சொன்னேன்.

"அடப் பாவி! ஒண்ணுமில்லைன்னு சொல்லவா அம்புட்டு ரூவா?" என்று கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள்.

சற்று நேரம் பேசாமல் இருந்தாள். திண்ணையில் நீட்டியிருந்த வலது காலைச் சேலையால் மூடிக்கொண்டாள்.

"சரி, போயிக் காட்டினதே நல்லது" என்றாள்.